காற்றுக்கு அஞ்சும் பந்து
கடலோரப் பிள்ளைகளுக்கு இறகுப்பந்து எட்டுமா?

நெம்மேலி என்றதும் சென்னை ஜனங்களுக்குக் குடிநீர்தான் ஞாபகத்துக்கு வரும். 2013-ம் ஆண்டில் அங்கே கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தரும் நிலையம் அது. 2024 பிப்ரவரியில் அதன் அருகிலேயே 15 கோடி லிட்டர் தரக்கூடிய இன்னொரு நிலையமும் வந்தது.

ஊரின் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இடையிலே கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இப்படிப்பட்ட ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். மீனைப் பற்றிப் பேசுவார்கள். மனை விலையைப் பற்றிப் பேசுவார்கள். காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது எப்போதும் இருப்பது.

ஆனால் கையிலே மட்டை பிடித்த சிறுவனைக் கேட்டால் காற்றைப் பற்றித்தான் முதலில் சொல்வான்.

கடலோரக் கிராமங்களில் மாலை நேரக் காட்சி ஒன்று உண்டு. இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கயிறு கட்டியிருக்கும். அதுதான் வலை. பிள்ளைகள் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். ஒருவன் பந்தை அடிக்கிறான். பந்து எதிராளியிடம் போக வேண்டும். போகவில்லை. நடு வானில் திரும்பி, அடுத்த வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடித்தவனையும் குற்றம் சொல்ல முடியாது. எடுக்காதவனையும் குற்றம் சொல்ல முடியாது.

இந்தக் கடற்கரை உலகப் போட்டிகளைப் பார்த்த கடற்கரை. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரம் பூஞ்சேரியில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் மாமல்லபுரத்தில் நடந்தது. சதுரங்கத்துக்குக் காற்று ஒரு பொருட்டல்ல. அலைச்சறுக்குக்குக் காற்று நண்பன். இறகுப்பந்துக்கோ காற்று ஜன்மப் பகை.

அப்படியானால் நெம்மேலிப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதானா? அவசியமில்லை. ஆனால் ஆடுவது எப்படி, பழகுவது எப்படி, அதற்கு என்ன செலவாகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்து கிராம் எடை

கிராமத்தில் இதை 'ஷட்டில்' என்றே சொல்கிறார்கள். அந்த ஷட்டில் எனும் பந்தின் எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. தக்கையால் செய்த தலை. அதில் செருகிய 16 இறகுகள். அவ்வளவுதான்.

இந்த இறகுகள்தான் பந்துக்கு உயிர். மட்டையிலிருந்து புறப்படும் வேகத்தில் இதற்கு நிகரான பந்து வேறு இல்லை. 2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், நம் நாட்டு வீரர் சாத்விக் சாய்ராஜ் ரங்கி ரெட்டி அடித்த அடி மணிக்கு 565 கிலோ மீட்டர் வேகம் காட்டியது. அது கின்னஸ் சாதனை. ஆனால் புறப்பட்ட வேகம் கடைசி வரை நிற்காது. விரிந்த இறகுகள் காற்றில் உராய்ந்து வேகத்தைத் தின்றுவிடும். பந்து ஓரிடத்தில் சட்டென்று தளர்ந்து செங்குத்தாக விழும்.

காற்றை இப்படிப் பிடிப்பதால்தான் அது அழகான ஆட்டம். அதே காரணத்தால்தான் அது திறந்த வெளிக்கு ஆகாத ஆட்டம்.

பூனாவும் தஞ்சாவூரும்

இந்தத் தொல்லை புதிதல்ல. இன்றைய இறகுப்பந்து ஆட்டத்தின் ஆரம்ப விதிகள் 1870-களில் பூனாவில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளால் வகுக்கப்பட்டவை. அப்போது ஆட்டத்தின் பெயரே 'பூனா' தான். பிறகு அது இங்கிலாந்துக்குப் போய், 'பாட்மிண்டன்' என்ற மாளிகையின் பெயரைப் பெற்றது. குளிர் நாட்டில் மண்டபத்துக்குள் புகுந்தது. அங்கேயே தங்கிவிட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமாகவும் ஆயிற்று.

தமிழ்நாட்டில் கதை வேறு. இறகுக்குப் பதில் கம்பளி நூலால் செய்த மஞ்சள் பந்தை வைத்து ஆடினார்கள். அதுதான் பூப்பந்து. தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் அதை விரும்பி ஆடியதாகச் சொல்வார்கள். அதன் எடை 27 முதல் 30 கிராம். ஷட்டிலைப் போல ஐந்து மடங்கு! ஆகவே காற்று அதை அவ்வளவு எளிதில் அசைக்காது. அணிக்கு ஐந்து பேர். மண் தரையே போதும். கூரை வேண்டாம். 1954-ல் இதற்கென அகில இந்திய சம்மேளனமும் ஏற்பட்டது.

ஆக, காற்றை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு ஒரு விடையை அப்போதே கண்டுபிடித்துவிட்டது. ஆனால் பூப்பந்துக்கு ஒலிம்பிக் இல்லை. டெலிவிஷன் இல்லை. பிள்ளைகளின் கண் ஷட்டில் மேல் போய்விட்டது.

வாத்துக் கறியும் பந்து விலையும்

இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. 2025-ம் ஆண்டில் இறகுப் பந்துகளுக்கு உலகம் முழுவதும் தட்டுப்பாடு ஏற்பட்டது. விலை விறுவிறு என்று ஏறியது. நம் நாட்டுப் பயிற்சிக் கூடங்களும் கையிருப்பை எண்ணிப் பார்த்துச் செலவிடும் நிலை வந்தது.

காரணம் என்ன? பந்துக்கு வேண்டிய இறகு வாத்திலிருந்தும் பெருவாத்திலிருந்தும் கிடைக்கிறது. அந்தத் தொழிலில் சீனாதான் முதலிடம். அங்கே ஜனங்கள் வாத்துக் கறி தின்பது குறைந்தது. பன்றிக் கறி பக்கம் திரும்பினார்கள். கறிக்குக் கிராக்கி குறைந்தால் பண்ணையில் பறவைகள் குறையும். பறவை குறைந்தால் இறகு குறையும். அதே சமயம் ஆடுகிறவர்களின் தொகையோ கூடிக்கொண்டே போகிறது.

ஒரு பறவையின் சிறகில் இருக்கும் எல்லா இறகுகளும் இதற்கு உதவா என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து, ஒரே வளைவுள்ளவையாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். இடமும் வலமும் கலந்தால் பந்து நேராகச் சுழலாது. மேற்கு வங்காளத்தில் உலுபேரியா என்ற ஊரில் இது வெகு காலமாகக் குடிசைத் தொழில். சீனச் சரக்கோடு போட்டி போட்டு அதுவும் நலிந்துபோயிற்று.

பெரிய போட்டி ஒன்றில், ஒரே ஆட்டத்தில் ஒரு டஜன் பந்துகளுக்கு மேல் செலவாவதும் உண்டு. ஒரு டஜன் தரமான பந்துகளின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டது. வலைக்குப் போகும் குடும்பமோ, கட்டட வேலைக்குப் போகும் குடும்பமோ இதைத் தாங்குமா? பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வாடகைக் களங்கள் பல இருக்கின்றன. மணிக்குச் சில நூறு ரூபாய். கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு அது சரி. பத்து வயதுப் பையன் வாரம் ஐந்து நாள் பழக வேண்டுமென்றால்?

இந்த ஆட்டத்தில் திறமைக்கு முன்னே பணம் வந்து நின்றுகொள்கிறது. அதுதான் இன்றைய பிரச்னை.

அண்டை ஊர்ப் பெண்

ஆனாலும் மனம் தளர வேண்டாம். 2019 நவம்பர் வரை நெம்மேலி காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் பிறகுதான் செங்கற்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. அந்தக் காஞ்சிபுரத்துப் பெண்தான் செல்வி துளசிமதி முருகேசன். இடது கையில் குறைபாடு உள்ளவர். தந்தையே அவருக்கு முதல் ஆசான். கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே ஆடினார். 2023-ல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வென்றார். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி.

அதே பாரிஸில், அதே பிரிவில், திருவள்ளூர் மாவட்டத்துச் செல்வி மனிஷா ராமதாஸ் வெண்கலம் பெற்றார். அரை இறுதியில் இந்த இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆட நேர்ந்தது. உலக மேடையில் இரண்டு தமிழ்ப் பெண்கள்! ஓசூரைச் சேர்ந்த செல்வி நித்யஸ்ரீ சிவன் உயரம் குறைந்தோர் பிரிவில் வெண்கலம் கொண்டு வந்தார். தமிழக சர்க்கார் வெள்ளிக்கு 2 கோடி ரூபாயும், வெண்கலத்துக்கு 1 கோடி ரூபாயும் பரிசளித்தது.

மதுரைச் செல்வி ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்றவர். சென்னை இளைஞர் சங்கர் முத்துசாமி 2022-ல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2025 மார்ச்சில் சுவிட்சர்லாந்து ஓபன் போட்டியில், அப்போது உலகில் இரண்டாம் இடத்தில் இருந்த டென்மார்க் வீரர் ஆன்டர்ஸ் ஆன்டோன்சனையே தோற்கடித்தார்.

வெற்றிக்குப் பிறகு கோடி வருகிறது. நல்லதுதான். வெற்றிக்கு முன்னே ஒரு டஜன் பந்து யார் தருவது என்பதுதான் கேள்வி.

மட்டை பிடிப்பது எப்படி?

இனி ஆட்டத்துக்கு வருவோம். பந்து இல்லாமலே கற்கக்கூடியது இதில் பாதிக்கு மேல் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

முதலில் பிடி. ஒருவரோடு கை குலுக்குவது போல மட்டையின் பிடியைப் பற்ற வேண்டும். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் ஆங்கில எழுத்து 'வி' போல விரிந்திருக்க வேண்டும். தோசைத் திருப்பியைப் பிடிப்பது போலப் பிடிப்பது தவறு. பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் முதல் பிழை இதுதான். இடப் பக்கம் வரும் பந்தை அடிக்கும்போது கட்டை விரலைப் பிடியின் அகலமான பக்கத்தில் வைத்துத் தள்ள வேண்டும்.

பிடி தளர்வாக இருக்கட்டும். பந்தைத் தொடும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்க வேண்டும். எப்போதும் இறுகப் பிடித்தால் தோள் வலிக்கும், பந்தும் போகாது.

கால்தான் ஆடுகிறது

பார்க்கிறவர்களுக்குக் கைதான் தெரியும். உண்மையில் ஆடுவது கால். களத்தின் நீளம் 44 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 20 அடி. ஒற்றையருக்கு 17 அடி. வலையின் உயரம் நடுவில் 5 அடி. ஒருவன் காக்க வேண்டியது பாதிக் களம். அதாவது 22 அடி நீளம்.

அந்தப் பாதியின் நடுவே ஓர் இடத்தை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தை அடித்ததும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிராளி அடிக்கும் நேரத்தில் இரண்டு கால்களையும் சற்றே அகட்டி ஒரு சிறு குதி போட வேண்டும். அந்தக் குதியிலிருந்துதான் எந்தத் திசைக்கும் பாய முடியும்.

இதைப் பழக வலையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். தரையில் சுண்ணாம்புத் தூளால் பாதிக் களத்தைக் கோடு போடுங்கள். முன்னே இரண்டு மூலை, பக்கங்களில் இரண்டு, பின்னே இரண்டு. ஆறு இடங்களிலும் ஒவ்வொரு கல்லை வையுங்கள். ஒருவன் கையைக் காட்டட்டும். மற்றவன் அந்தக் கல்லுக்குப் போய், மட்டையை வீசிவிட்டு, வீட்டுக்குத் திரும்பட்டும். இதை நிழல் பயிற்சி என்பார்கள். உலக வீரர்களும் தினமும் செய்வது இது.

முன் பக்கம் பாயும்போது மட்டைக் கையின் பக்கத்துக் கால்தான் கடைசியாக நீள வேண்டும். குதிகால் முதலில் தரை தொட வேண்டும். முழங்கால் பாத நுனியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முட்டிக்கு ஆபத்து.

நாலு அடிகள்

முதல் அடி, சர்வீஸ். பந்தை அடிக்கும் கணத்தில் அது தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 2018-ல் வந்த விதி இது. சுவரில் அந்த உயரத்தில் கோடு போட்டுப் பழகலாம்.

இரண்டாவது, உயர அடி. பின் கோட்டிலிருந்து எதிராளியின் பின் கோட்டுக்குத் தூக்கி அடிப்பது. இதைக் கற்றவனே ஆட்டக்காரன். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கல்லெறிவது போல முழங்கையை முன்னே கொண்டுவந்து அடிக்க வேண்டும். மாங்காய்க்குக் கல்லெறிந்த பையனுக்கு இது பாதி தெரிந்த வித்தை.

மூன்றாவது, மெல்லடி. உயர அடியைப் போலவே கை ஓங்கி, கடைசியில் மெல்லத் தொடுவது. பந்து வலையைத் தாண்டியதும் விழும். இரண்டுக்கும் ஓங்கல் ஒன்றுபோல் இருந்தால்தான் எதிராளி ஏமாறுவான்.

நாலாவதுதான் ஸ்மாஷ் என்னும் ஓங்கி அடிப்பது. எல்லாப் பிள்ளைகளும் முதலில் கற்க ஆசைப்படுவது இது. கடைசியில் கற்க வேண்டியதும் இதுதான். மற்ற மூன்றும் வராதவன் இதை அடித்தால் பந்து வலையில்தான் விழும்.

ஒரு மணி நேரம்

தினமும் ஒரு மணி நேரம் போதும். முதல் 10 நிமிடம் மெதுவோட்டமும் மூட்டுகளைத் தளர்த்துவதும். அடுத்த 10 நிமிடம் கயிறு தாண்டுதல். ஒரு நிமிடம் தாண்டி, அரை நிமிடம் ஓய்வு. பிறகு 15 நிமிடம் நிழல் பயிற்சி. 15 நிமிடம் சுவரில் அடிப்பதும் சர்வீஸும். கடைசி 10 நிமிடம் ஆட்டம். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு.

கடலோரப் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து உண்டு. அது மணல். ஈர மணலில் ஓடினால் கெண்டைக்கால் உரம் பெறும். ஆனால் காய்ந்த மணலில் அதிக நேரம் குதிக்க வேண்டாம், கணுக்கால் பிசகும். சிமெண்டுக் களத்தில் வெறுங்காலோடு ஆடவும் வேண்டாம். அடிப்பாகம் தட்டையான கான்வாஸ் ஜோடு நல்லது.

நேரமும் முக்கியம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும். மாலை வரை வீசும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். ஆகவே திறந்த வெளியில் ஆடுகிறவர்கள் காலை வேளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை கொட்டும். இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும்.

கண் பத்திரம்! பந்தின் தக்கைத் தலை கண் குழிக்குள் புகும் அளவே உள்ளது. இரட்டையர் ஆட்டத்தில் முன்னே நிற்பவன் பின்னே திரும்பித் தன் ஜோடியைப் பார்க்கக் கூடாது.

எந்தப் பந்து?

ஆரம்பத்துக்கு நைலான் பந்து போதும். ஒரு பந்து பல நாள் தாங்கும். குறை ஒன்று உண்டு. இறகுப் பந்து போல அது செங்குத்தாக விழாது. நைலானிலேயே பல வருஷம் பழகியவன் போட்டியில் இறகைக் கண்டு திகைப்பான். ஆகவே கால் வேலை படிந்த பிறகு, வாரத்தில் ஒரு நாளாவது இறகுப் பந்தில் ஆட வேண்டும். செயற்கை இறகுப் பந்துகளை 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் உபயோகிக்கலாம் என்று உலக சம்மேளனம் 2020-ல் அனுமதி தந்தது. ஆனாலும் பெரிய ஆட்டக்காரர்களின் மனம் இயற்கை இறகை விட்டு நகரவில்லை.

2019-ல் அதே சம்மேளனம் கடற்கரையிலும் பூங்காவிலும் ஆடுவதற்கென்று, காற்றை ஓரளவு தாங்கும் புதிய பந்து ஒன்றை அறிமுகப்படுத்தியது. 'ஏர் பாட்மிண்டன்' என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். உலகம் 2019-ல் தேடிய வழியைத் தஞ்சாவூர் 100 ஆண்டுகளுக்கு முன்பே கம்பளி நூலில் கண்டது!

ஆகவே திறந்த வெளியில் பூப்பந்து ஆடுங்கள் என்று சொன்னால் அது பின்வாங்கல் அல்ல. கண்ணும் காலும் மணிக்கட்டும் அதிலே பழகும். எனினும் பூப்பந்து மட்டை வீச்சு வேறு. பந்தின் எடை வேறு. ஒன்றில் தேர்ந்தவன் மற்றதில் தானாகத் தேர்ந்துவிடுவான் என்று நினைக்கக் கூடாது.

ஒரு கூரை வேண்டும்

2024-ல் தமிழக சர்க்கார் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சாமான் வந்தால் ஆட்டம் வரும். ஆனால் இறகுப்பந்துக்குச் சாமான் மட்டும் போதாது. கூரை வேண்டும்.

சமுதாயக் கூடம் இருக்கிறதே என்பார்கள். அதன் கூரை தாழ்வு. உயர அடி அடித்தால் மின் விசிறியில் படும். பெரிய போட்டிகளுக்கு 12 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். பழகுவதற்கு 9 மீட்டர் இருந்தால் நல்லது. ஒரு களத்துக்குச் சுற்று இடமும் சேர்த்துச் சுமார் 18 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கடல் பக்கம் அடைத்த சுவர். காற்றோட்டத்துக்கு மேலே மட்டும் திறப்பு. சுவருக்குக் கரும்பச்சை வர்ணம். அப்போதுதான் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியும். விளக்குகள் களத்தின் பக்கவாட்டில். தலைக்கு நேர் மேலே கூடாது.

குடிதண்ணீருக்கும் சாலைக்கும் பணம் இல்லாதபோது பந்தாட்ட மண்டபமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஊருக்கு ஒன்று என்று யாரும் கேட்கவில்லை. நாலைந்து ஊராட்சிகளுக்கு ஒன்று போதும். வடகிழக்குப் பருவ காலத்தில் புயல் வந்தால் கடலோர ஜனங்களைத் தங்க வைக்கவும் உறுதியான மண்டபம் தேவைதானே? ஒரே கூரை இரண்டுக்கும் உதவும்படி கட்டினால் செலவு வீணாகாது.

மண்டபம் கட்டுவதோடும் வேலை முடியாது. பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும்? மாலையில் பெண் பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்குவார்களா? மாதம் எத்தனை பந்து கிடைக்கும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் கட்டிய மண்டபம், கல்யாணத்துக்கு வாடகைக்குப் போய்விடும்.

இதெல்லாம் நடக்கும் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. நெம்மேலிக் கடற்கரையில் விடியற்காலை காற்று அடங்கியிருக்கிறது. ஆறு கல்லும், கொஞ்சம் சுண்ணாம்பும், ஒரு கயிறும் இருந்தால் நாளைக் காலையே தொடங்கலாம். அந்தப் பிள்ளைகள் கால் வேலையைப் படித்து முடிப்பதற்குள் கூரை வந்து சேர வேண்டும். அது பெரியவர்களின் பொறுப்பு.